அட்டைப்பெட்டிக்கு விருது! பட்டாணியில் கோபுரம்! தெரியுமா?

உங்கள் வீட்டில் ஒரு வாண்டு இருக்கிறதா? அந்தக் குட்டித் தலைக்குள் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளையில் நொடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நரம்பு இணைப்புகள் உருவாகின்றன! நிமிடத்துக்கு அல்ல, நொடிக்கு! 5 வயதை ஒட்டிய பருவத்தில், உடல் செலவிடும் மொத்த ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளை ஒன்றே தின்றுவிடுகிறது! இவ்வளவு பசியோடு இருக்கும் மூளைக்கு என்ன தீனி போடுவது? விளையாட்டு! அதற்குக் கடைக்கு ஓட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! அடுப்படி அலமாரியைத் திறந்தாலே போதும். நம்ப முடியவில்லையா? வாருங்கள்!

அட்டைப்பெட்டிக்குக் கிடைத்த பெருமை தெரியுமா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் என்று ஓர் ஊர். அங்குள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில், காலத்தை வென்ற பொம்மைகளுக்கென்றே ஒரு புகழ்க்கூடம் இருக்கிறது. பார்பி பொம்மைக்கும் லெகோ கட்டைக்கும் அங்கே இடம் உண்டு. 2005இல் அவற்றுக்குச் சரிசமமாக உள்ளே நுழைந்தது எது தெரியுமா? காலி அட்டைப்பெட்டி! அதோடு நின்றதா? 2008இல் மரக்குச்சி! 2011இல் போர்வை! 2014இல் சோப்புக் குமிழி! 2021இல் மணல்! ஐந்தையும் சேர்த்து வாங்க எவ்வளவு ஆகும், சொல்லுங்கள்? அடுத்த முறை ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். காலையில் பஸ், மதியம் பெட்டிக்கடை, சாயங்காலம் ராக்கெட்!

இது கட்டாயம் தெரிய வேண்டும்!

பயறு, பட்டாணி, பட்டன், புளியங்கொட்டை... எல்லாமே அருமையான விளையாட்டுச் சாமான்கள்தான். ஆனால் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் இவை சிக்கிக்கொள்ளும்! பக்கெட்டில் கொஞ்சமே தண்ணீர் இருந்தாலும் தவழும் குழந்தைக்கு ஆபத்துதான்! எந்த விளையாட்டானாலும் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விதிவிலக்கே கிடையாது!

பட்டாணி ஒரு மேதையை உருவாக்கியது தெரியுமா?

1899. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் நகரில் ஒரு மழலையர் வகுப்பு. பிள்ளைகளிடம் பட்டாணியையும் பல்குச்சியையும் கொடுத்து எதையாவது கட்டச் சொன்னார் ஆசிரியை. மற்ற பிள்ளைகள் சதுரம் சதுரமாக வீடு கட்டினார்கள். ஒரு 4 வயதுச் சிறுவனுக்கு மட்டும் கண்பார்வை சரியில்லை. கையால் தடவித் தடவி, எது ஆடாமல் நிற்கிறது என்று பார்த்தான். நின்றது முக்கோணம்! அவன் யார் தெரியுமா? பக்மின்ஸ்டர் ஃபுல்லர்! முக்கோணங்களை இணைத்தே பிரம்மாண்டமான கோளக் கூடங்களை எழுப்பியவர்! 1967இல் கனடாவின் மான்ட்ரியல் கண்காட்சிக்காக அவர் வடிவமைத்த கூடத்தின் உயரம் 62 மீட்டர்! 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட 60 கார்பன் அணு மூலக்கூறுக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள்! உங்கள் வீட்டில் கொண்டைக்கடலை ஊறுகிறதா? ஒரு கைப்பிடி எடுத்துவையுங்கள். கூர் மழுக்கிய பல்குச்சிகள் போதும், கட்டடம் தயார்!

தீக்குச்சிக்குப் பத்மஸ்ரீ!

இதே முக்கோண ரகசியத்தை நம் நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஒருவர் உண்டு தெரியுமா? அரவிந்த் குப்தா! கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமங்களுக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கினார், தீக்குச்சிகளைச் செருகினார். முக்கோணம், சதுரம், கனசதுரம், வீடு! முக்கோணத்தை அழுத்தினால் அசையாது. சதுரத்தை அழுத்தினால் கோணிக்கொள்ளும்! பழைய செருப்பு, காலி பாட்டில், உறிஞ்சுகுழல் எல்லாவற்றிலும் பொம்மை செய்து காட்டிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது! வீட்டில் செய்யும்போது மருந்து இல்லாத வெறும் குச்சிகளையே எடுங்கள்.

மழலையர் பள்ளிக்குத் தடை போட்ட அரசு எது தெரியுமா?

1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் தொடங்கியதுதான் உலகின் முதல் கிண்டர்கார்டன். பாடநூல் இல்லை! மரப்பந்து, உருளை, கனசதுரக் கட்டைகள்தான் பாடம்! 'விளையாடியே கற்கட்டும்' என்ற இந்தக் கிண்டர்கார்டனையே, நாத்திகம் பரப்புவதாகச் சொல்லி, பிரஷ்ய அரசு 1851இல் தடை செய்தது! நம்ப முடிகிறதா? தடை நீங்க 1860 ஆகிவிட்டது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் இந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு தாய், தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஃபிராங்க் லாயிட் ரைட்! மரக்கட்டை இல்லையா? காலி தீப்பெட்டிகள் 20 சேர்த்துவைத்தால் ஒரு நகரமே கட்டலாம்!

மூக்கில் ஒரு பொட்டு, என்ன நடக்கும் தெரியுமா?

குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கு நுனியில் ஒரு சாந்துப் பொட்டு வையுங்கள். கண்ணாடி முன் தூக்கிக் காட்டுங்கள். ஒரு வயதுக் குழந்தை என்ன செய்யும்? கண்ணாடியைத் தட்டிச் சிரிக்கும்! உள்ளே வேறொரு பாப்பா இருப்பதாக அதற்கு நினைப்பு! ஒன்றரை வயதிலிருந்து 2 வயதுக்குள் அதே குழந்தையின் கை சட்டென்று தன் மூக்குக்கே போகும்! 'இது நான்தான்' என்று கண்டுகொண்ட கணம் அது! 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் செய்த புகழ்பெற்ற சோதனை இது. இதில் தேறிய விலங்குகள் மிகச் சில. சிம்பன்சி அவற்றில் ஒன்று, யானையும் ஒன்று!

ஒரே தண்ணீர், அதிகமானது எப்படி?

இரண்டு ஒரே மாதிரி டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 'இரண்டும் ஒண்ணா?' என்று 4 வயதுக் குழந்தையிடம் கேளுங்கள். 'ஒண்ணுதான்!' இப்போது ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு, அதன் கண் முன்னாலேயே மாற்றுங்கள். மறுபடி கேளுங்கள். 'இதுலதான் நிறைய இருக்கு!' என்று உயர டம்ளரைக் காட்டும்! சத்தியம் செய்தாலும் ஒப்புக்கொள்ளாது! சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே உலகுக்குக் காட்டிய அதிசயம் இது. பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டி வர 6, 7 வயது ஆகிறது! திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். பழைய டம்ளருக்கே திரும்ப ஊற்றிக் காட்டுங்கள். மறுபடியும், மறுபடியும்! ஊற்றி ஊற்றித்தான் அது தானே கண்டுபிடிக்கும்!

பிஸ்கட் டப்பாவில் ஒரு மனோதத்துவம்!

நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசி நூல்தானே இருக்கும்? அதுவே அருமையான சோதனை! நூல்கண்டு மட்டும் உள்ளே இருக்கட்டும். டப்பாவை மூடி, 'உள்ளே என்ன?' என்று கேளுங்கள். 'பிஸ்கட்!' திறந்து நூல்கண்டைக் காட்டுங்கள். மூடிவிட்டுக் கேளுங்கள்: 'அப்பா இதை இன்னும் பார்க்கலை. உள்ளே என்ன இருக்குன்னு அவர் நினைப்பார்?' 3 வயதுக் குழந்தை என்ன சொல்லும் தெரியுமா? 'நூல்கண்டு!' தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று அதற்கு நினைப்பு! 4, 5 வயதில் குறும்புச் சிரிப்போடு பதில் மாறும்: 'பிஸ்கட்னு நினைப்பார்!' அடுத்தவர் மனசுக்குள் எட்டிப் பார்க்கும் வித்தை கைவந்துவிட்டது! 1987இல் உளவியலாளர்கள் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலைப் போட்டு இதைக் கண்டுபிடித்தார்கள்!

5 மாதக் குழந்தைக்குக் கணக்கு வருமா?

வரும்! 1992இல் கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பொம்மையை மேடையில் வைத்தார், திரையால் மறைத்தார். குழந்தை பார்க்கப் பார்க்கவே இன்னொரு பொம்மையையும் திரைக்குப் பின்னால் வைத்தார். திரை விலகியது. உள்ளே ஒரு பொம்மைதான்! 5 மாதக் குழந்தைகள் கண் கொட்டாமல் அதையே வெகுநேரம் பார்த்தன! இரண்டு பொம்மை இருந்தபோது அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஒன்றும் ஒன்றும் ஒன்றாகிவிட்டது என்று பேச்சே வராத வயதில் அவற்றுக்குப் புரிந்திருக்கிறது! ஒரு துண்டும் இரண்டு பந்தும் போதும், மறைத்து மறைத்துக் காட்டுங்கள். நாம் காலம் காலமாக முந்தானையில் முகத்தை மறைத்து 'பே!' காட்டுவதும் இதே வகைப் பாடம்தான்!

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை விழும் தெரியுமா?

நடை பழகும் குழந்தையின் பின்னால் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறதா? வாங்காதா பின்னே! நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு உட்கார்ந்து எண்ணியே விட்டது! 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாராளமாக விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கின்றன! தூரம் சுமார் 700 மீட்டர்! அதற்குள் 17 முறை விழுகின்றன! 17 முறையும் எழுகின்றன! தலையணை, பாய், மடித்த போர்வை ஆகியவற்றை வரிசையாகப் போட்டு ஒரு பாதை அமையுங்கள். மெத்தென்று ஓரிடம், சொரசொரப்பாக ஓரிடம். விழட்டும், எழட்டும்!

10 கட்டம், ஒரே மணி நேரம், கணக்குப் புலி!

பரமபதம் ஆடியிருக்கிறீர்களா? எண் எழுதிய கட்டத்தில் காய் நகர்த்துவது வெறும் பொழுதுபோக்கு என்றா நினைத்தீர்கள்? 2008இல் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய ஆய்வாளர்கள், வருமானம் குறைந்த குடும்பத்து மழலைகளிடம் 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எழுதிய கட்ட விளையாட்டைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஆட்டம்! எண்ணுவது, எது பெரிய எண் என்று சொல்வது, எண்ணை அடையாளம் காண்பது எல்லாமே முன்னேறிவிட்டன! எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டத்தில் ஆடிய பிள்ளைகளிடம் இந்த முன்னேற்றம் இல்லை! சூட்சுமம் என்ன தெரியுமா? 3ஆம் கட்டத்தில் இருக்கும் காய்க்கு இரண்டு விழுந்தால், 'ஒண்ணு, ரெண்டு' என்று நகர்த்தாமல் 'நாலு, அஞ்சு' என்று சொல்லி நகர்த்த வேண்டும்! வாசலில் சாக்பீஸால் 10 கட்டம் போட்டால் ஆட்டம் ஆரம்பம்!

14 குழி, 70 புளியங்கொட்டை!

பல்லாங்குழியில் ஓர் ஆளுக்கு 7 குழி, இருவருக்கு 14. குழிக்கு 5 வீதம் போட்டால் 70 காய்கள்! ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது விரல் நுனிகளுக்குப் பயிற்சி, பென்சில் பிடிக்க அடித்தளம்! எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று யோசிக்கும்போது மனக்கணக்கு! ஆப்பிரிக்கா முழுக்க இதன் உறவுக்கார விளையாட்டுகள் ஆடப்படுகின்றன தெரியுமா? பலகை இல்லையா? முட்டை அட்டையை எடுங்கள், ஆச்சியையும் உட்காரவையுங்கள்!

ஓடு அடுக்கியவர் நோபல் வாங்கினார்!

ரிச்சர்ட் ஃபெயின்மன் உயரநாற்காலியில் உட்காரும் குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா என்ன செய்தார் தெரியுமா? குளியலறைக்குப் போடும் குட்டி குட்டி ஓடுகளை வாங்கிவந்து அவர் முன்னால் பரப்பினார். இரண்டு வெள்ளை, ஒரு நீலம், மறுபடி இரண்டு வெள்ளை, ஒரு நீலம்! அம்மா சொன்னார்: 'பிள்ளை நீலம் வைக்க ஆசைப்பட்டால் வைக்க விடுங்களேன்.' அப்பா விடவில்லை. ஒழுங்கு வரிசையைக் காண்பதுதான் கணிதத்தின் தொடக்கம் என்பது அவருடைய கட்சி! அந்தக் குழந்தை 1965இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியது! பொட்டுக்கடலை, நிலக்கடலை, நிலக்கடலை... அடுத்து என்ன வரும்? கேட்டுப் பாருங்கள்!

கோலத்திலிருந்து கணினி அறிவியல்!

இது நம் ஊர்ப் பெருமை! தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, வாசல் கோலத்தை வைத்தே கணினி மொழிக் கோட்பாட்டில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் தெரியுமா? ஆண்டு 1974! சிக்குக் கோலத்தின் கோடு வளைந்து நெளிந்து திரும்புவதிலேயே விதி ஒளிந்திருக்கிறது! 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. உங்கள் சுட்டியின் கையில் சாக்பீஸைக் கொடுங்கள். கையை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வர முடியுமா?

தீப்பெட்டி போன், டெலிபோனுக்கே மூத்தது!

இரண்டு தீப்பெட்டி, நீள நூல், இரண்டு உடைந்த குச்சி. நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பேசினால் அடுத்த அறையில் கேட்கும்! கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1876இல். ஆனால் இழுத்துக் கட்டிய கம்பி வழியாகக் குரலை வெகுதூரம் அனுப்பியதாக ராபர்ட் ஹுக் 1665இலேயே தன் நூலில் எழுதிவிட்டார்! 211 ஆண்டு முன்னால்! எஃகில் ஒலி, காற்றில் போவதைவிட சுமார் 15 மடங்கு வேகமாக ஓடும் தெரியுமா? நூலைத் தளர விட்டால் என்ன ஆகும்? பதிலைச் சொல்லாதீர்கள், குழந்தையே விட்டுப் பார்க்கட்டும்!

அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி!

மாண்டிசோரி அம்மையார் நம் சென்னையில் வாழ்ந்தவர் தெரியுமா? 1907இல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தவர், 1939இல் 69 வயதில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகக் குதித்தது! இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார்! கோடைக்கானலிலும் குழந்தைகளைக் கவனித்தபடியே இருந்தார். பொத்தான் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது எல்லாம் அவருடைய பாடத்திட்டத்தில் உண்டு! துவைத்த துணிக் குவியலில் சாக்ஸுக்கு ஜோடி தேடச் சொல்லுங்கள். நிறம், அளவு, வடிவம் மூன்றும் ஒரே மூச்சில்!

சுவர் துடைக்கும் மாவு பொம்மையானது எப்படி?

உலகெங்கும் விற்கும் பிளே-டோ களிமண், முதலில் என்னவாக இருந்தது தெரியுமா? சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் மாவு! 1950களில் விற்பனை படுத்துவிட்டது. கே சுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் விடவே இல்லை! 1956இல் பொம்மையாகவே விற்பனைக்கு வந்துவிட்டது! நமக்குச் சப்பாத்தி மாவு இருக்கக் கவலை ஏன்? ஓர் உருண்டையில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. பாம்பு, முறுக்கு, பிள்ளையார்! பச்சை மாவை வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டை போட்ட ஆரஞ்சு மிதக்கும்!

ஆரஞ்சைத் தோலோடு தண்ணீரில் போடுங்கள். மிதக்கும்! தோலை உரித்துப் போடுங்கள். எடை குறைந்துதானே போச்சு, இன்னும் நன்றாக மிதக்க வேண்டாமா? மூழ்கும்! தோலுக்குள் காற்று இருந்ததே காரணம். முட்டையும் தண்ணீரில் மூழ்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கரையுங்கள், மேலே வந்துவிடும்! சாக்கடலில் உப்பு, சாதாரணக் கடலைவிட சுமார் 10 மடங்கு! அங்கே மனிதர்களே இப்படித்தான் மிதக்கிறார்கள்!

வேருக்குக் கீழ்த்திசை எப்படித் தெரியும்?

கண்ணாடி டம்ளரின் ஓரமாக ஈரப் பஞ்சை வைத்து மொச்சைக் கொட்டையைச் செருகுங்கள். வேர் விட்டதும் டம்ளரைப் படுக்கப் போடுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழே போகும்! கண் இல்லை, காது இல்லை, கீழ் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? 1806இல் தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர் விதைகளைச் சுழலும் சக்கரத்தில் கட்டியே விட்டார்! வேர்கள் வெளிப்பக்கம், தண்டுகள் உள்பக்கம் வளர்ந்தன! எந்த விசை இழுக்கிறதோ அதன் வழியே வேர் போகிறது!

42 மடிப்பில் நிலா!

ஒரு தாளைப் பாதி பாதியாக எத்தனை முறை மடிக்கலாம்? 7 முறைக்கு மேல் முடியாது என்பார்கள். 2002இல் கலிபோர்னியாவில் பிரிட்னி கலிவன் என்ற பள்ளி மாணவி சுமார் 1.2 கிலோமீட்டர் நீளக் காகிதச் சுருளை 12 முறை மடித்துக் காட்டினார்! 42 முறை மடிக்க முடிந்தால்? தடிமன் நிலாவையே தாண்டிவிடும்! உங்கள் வாண்டு செய்தித்தாளில் எத்தனை மடிப்பு போடுகிறது? எண்ணுங்கள்!

'அதே கதைதான் வேணும்!' ஏன் தெரியுமா?

காக்கா வடை கதையை நூறாவது தடவை கேட்கிறதா? அலுத்துக்கொள்ளாதீர்கள்! 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட 3 வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதை கேட்டவர்களைவிட அதிகப் புதுச்சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள்! இத்தனைக்கும் அந்தச் சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே!

டி.வி. சொன்னது ஏறவில்லை!

2003இல் பாட்ரிசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழியில் பேசி விளையாட ஆட்களை வைத்தார். மொத்தம் 12 அமர்வுகள்தான்! சீன ஒலிகளை அந்தக் குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்குச் சமமாகப் பிரித்தறிந்தன! வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம், ஆனால் டி.வி.யில்! என்ன கற்றன தெரியுமா? ஒன்றுமே இல்லை! நேரில் முகம் பார்த்துப் பேசினால் ஏறுகிறது, திரையில் காட்டினால் ஏறவில்லை! இனியும் சோறு ஊட்டும்போது போனைக் கையில் கொடுக்கலாமா?

16 பொம்மையைவிட 4 பொம்மை பெரிது!

2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குட்டீஸை விளையாட விட்டார்கள், எல்லாரும் ஒன்றரை முதல் இரண்டரை வயது. ஒரு நாள் 16 பொம்மை, இன்னொரு நாள் 4 பொம்மை. எப்போது நன்றாக விளையாடினார்கள் தெரியுமா? 4 பொம்மை இருந்த நாளில்! ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமான ஆட்டம்! ஆகவே இன்று ராத்திரியே கூடையைக் கவிழ்த்துங்கள். நாலே நாலு பொம்மை கீழே, மற்றதெல்லாம் பரண் மேலே! அடுத்த வாரம் வேறு நாலை இறக்குங்கள். பழைய பொம்மையெல்லாம் புதுசாகிவிடும், ஒரு ரூபாய் செலவில்லாமல்!